ஜானட் அம்மையாரின் பூக்களைப் பிடுங்குவோம்

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, குடியிருப்போர் சங்கத் தலைவர் செல்வநாதன் அவர்களே, ராயபுரத்திலிருந்தும் காலடிப்பேட்டையிலிருந்தும் வந்து, நாற்காலி போதாமல் வெயிலில் நிற்கும் என் சொந்தங்களே, வணக்கம்.

என்னைக் கடைசியாகப் பேச வைத்திருக்கிறார்கள். எத்திராஜ் கையில் மைக் கிடைத்தால் சண்டை போடுவான் என்று பயம். பயப்பட வேண்டியதுதான்.

மறைந்த ஜானட் அம்மையார் பெரம்பூர் ரயில்வே பணிமனை ஆய்வுக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் உலோகம் சோதித்தவர். நான் ஆறாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். சட்டம் பற்றியும் மாசு பற்றியும் பழைய புத்தகக் கடையில் நூல் வாங்கிப் படித்தவன். எங்கள் இருவருக்கும் எதிரி ஒன்றுதான்: நம் தெருக்கோடியில் பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிய பட்டறை. முதலாளி ஒருநாள் பூட்டிக்கொண்டு போனான். ஈயத்தை நம் மண்ணிலேயே விட்டுவிட்டுப் போனான். பக்கத்து வீட்டுப் பச்சையம்மாவின் பேத்தி மலருடைய இரத்தத்தில் அந்த ஈயம் இருந்தது. யார் பதில் சொன்னார்கள்? இன்றுவரை யாராவது சொன்னார்களா?

நான் மனு எழுதினேன். அம்மையாரோ அந்த மண்ணில் செண்டுமல்லி நட்டார், ஓரத்துச் சாக்கடையில் கல்வாழை நட்டார். எனக்கு வந்ததே கோபம்!

"நாசம் பண்ணவன் வந்து அள்ளிகினு போவணும். நீ இன்னாத்துக்கு பூ வெச்சு மூடற?"

"செடி வேரால ஈயத்த இழுக்கும் எத்திராஜு. கொஞ்சமாத்தான் இழுக்கும். உன் மனு எவ்ளோ இழுத்துச்சு, சொல்லு?"

பதிமூன்று வருடமாக எழுதுகிறேன், இன்னும் எழுதுவேன். அழுக்காக்கியவன்தான் துடைக்க வேண்டும், இந்த மேடையிலும் அதையே சொல்கிறேன். ஆனாலும் மறுநாள் காலையில் நானே தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனேன்.

ஏன் பூச்செடி? கீரை நட்டால் நாம் தின்றுவிடுவோம் என்று அவருக்குத் தெரியும். பூவையாவது விட்டோமா? பச்சையம்மா கூடையோடு வந்து நின்றார்.

"இன்னா ஜானட்டு, இம்மாம் பூத்துகீது, சாமிக்குக்கூட வெக்கக் கூடாதா?"

"உங்க சாமிக்கும் கூடாது, எங்க மாதாவுக்கும் கூடாது. ஈயத்தையா சாத்துவ? கடையில வாங்கு."

"கஞ்சப் பிசினாறி!"

அப்படித் திட்டிய பச்சையம்மாதான் அவரோடு சேர்ந்து வேலி கட்டினார்.

பூத்துக் குலுங்கும்போதே அம்மையார் அத்தனை செடியையும் வேரோடு பிடுங்குவார். நமக்கு வயிறு எரியும். அவர் அசைய மாட்டார். தடித்த பையில் கட்டி, ஆபத்தான கழிவை ஏற்றும் வண்டியில் அனுப்புவார். எரிக்க விடமாட்டார், ஆட்டுக்குப் போட விடமாட்டார். பிறகு மண்ணைச் சோதிப்பார். "கொஞ்சம் கொறஞ்சிருக்கு. இன்னும் பல வருசம் ஆவும்" என்று உள்ளதைச் சொல்வார். நம்மைச் சந்தோஷப்படுத்த ஒரு பொய் சொன்னாரா? ஒருநாளும் இல்லை!

அவர் போய் இருபத்திரண்டு நாள் ஆகிறது. பூக்கள் முற்றிவிட்டன. யாரும் தொடவில்லை. "அம்மா வெச்ச செடி, நெனப்பா நிக்கட்டும்" என்கிறீர்கள். உங்களை எப்படிக் குறை சொல்வேன்? வேலிக்கதவில் பூட்டுப் போட்டவனே நான்தான்.

நேற்றுக் காலை போய்ப் பார்த்தேன். இலைகள் காய்ந்து உதிர்ந்து கிடந்தன. செடி இழுத்ததை மண்ணே திரும்ப வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு மழை பெய்தால் அது மலர் விளையாடும் சந்துக்கு ஓடிவரும். அந்த அம்மாளின் உழைப்பை நாம் பாசத்தாலேயே பாழாக்குகிறோம், சொந்தங்களே!

நான் தவறு செய்தேன் என்று சொல்லி இந்த ஊர் கேட்டதில்லை. இப்போது கேளுங்கள். தவறு செய்தேன். பூட்டை எடுத்துவிட்டேன்.

நாளைக் காலை ஆறு மணிக்கு எல்லோரும் வாருங்கள். நினைவுக்கென்று ஒரு செடிகூட அங்கே நிற்கக் கூடாது. பிடுங்குவோம், மறுபடி நடுவோம், மறுபடி பிடுங்குவோம். மண் சுத்தமென்று சோதனை சொல்லும்வரை இந்த வேலை நிற்காது. என் மனுவும் நிற்காது.

அழ வேண்டியவர்கள் இப்போதே அழுதுவிடுங்கள். நாளை நம் கையுறையெல்லாம் ஈயமாக இருக்கும். அந்தக் கையால் கண்ணைத் துடைக்க ஜானட் அம்மையார் விடமாட்டார்.