திருவிருந்தில் பாதியில் எழுந்தவள்

ஞாயிற்றுக்கிழமை மதியம், திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டிலிருந்து அடி அண்ணாமலைக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மடியில் பைபிள்; பெயர் ஸ்டெல்லா. பர்தா போட்டிருந்த இன்னொருத்தியை அவள் நூருக்கா என்று கூப்பிட்டாள்.

“இன்னிக்கி சர்ச்சுல விருந்துலேர்ந்து பாதியில எழுந்துட்டேங்க்கா.”

“ஏன், சாப்பாடு தீந்துடுச்சா?”

“ஐயோ, அது திருவிருந்துக்கா. நகத்தளவு அப்பம், ஒரு முழுங்கு திராட்சை ரசம், அவ்ளோதான்.”

“அதுக்கா காலையிலேர்ந்து பட்டினி கெடந்தே?”

“வயித்துக்கு இல்லக்கா. இயேசு நமக்காகத் தன்னையே குடுத்தாருன்னு நெனச்சி, எல்லாரும் ஒரே குடும்பமா பங்கெடுக்கறது. முட்டி போட்டுட்டுத் திரும்பினா, பக்கத்துல என் ஓரகத்தி. அவ பொண்ணு வளைகாப்புக்கு எனக்குச் சொல்லல, ரெண்டு வருஷமா பேச்சில்ல. அந்தக் கோவத்தோட எப்பிடிக் கை நீட்டறது? எழுந்து வெளிய வந்துட்டேன்.”

“அவ?”

“அவளும் வந்துட்டா. வாசல்ல ரெண்டு பேரும் செருப்பு தேடறோம்.”

நூருக்கா சிரித்த சிரிப்பில் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

“அப்புறம்?”

“வாய் சும்மா இருக்குதா? ‘நல்லா இருக்கியாடி’ன்னு கேட்டுட்டேன். ஓன்னு அழுதுட்டா. எனக்கும் தாங்கல. கையப் புடிச்சிகிட்டு உள்ள ஓடி, கடைசி ஆளா ரெண்டு பேரும் ஒண்ணா வாங்கினோம். இப்ப அவ வீட்டுக்குத்தான் போறேன். முன்னாடியே போயி கோழிக் கொழம்பு வெக்கறா.”

“உப்பு ஜாஸ்தியா இருந்தாலும் இன்னிக்கி வாயத் தொறக்காதே.”

“அவ கையில எப்பவுமே ஜாஸ்திதாங்க்கா” என்று சொல்லிக்கொண்டே, ஆட்டோ முழுசாக நிற்கும் முன்பே இறங்கினாள் ஸ்டெல்லா.