பஞ்சு பறக்காத அறை

சிவப்புப் பெயின்ட் மற்ற நிறங்களைப் போல ஒரே பூச்சில் பிடிக்காது, அம்மா. அடியில் வெள்ளை கொடுத்து, காயவிட்டு, அதன் மேல் மெல்லிசாகப் பல தடவை அடிக்க வேண்டும். அவசரப்பட்டால் வழிந்துவிடும். எனக்குப் பொறுமை அதிகம் என்று கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள்.

யாராவது மிரட்டினார்களா, அடித்தார்களா என்று கேட்டீர்கள். இல்லை. நானாகத்தான் இராஜபாளையம் ஸ்டேஷனுக்குப் போனேன். அவர்கள்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாஜிஸ்திரேட் அம்மாவிடம் சொல்லுங்கள் என்று இங்கே கூட்டி வந்தார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள், வழியில் டீகூட வாங்கிக் கொடுத்தார்கள். என் பெயர் சுந்தரபாண்டியன். விமானப் படையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். விமானத்தின் உடம்பைப் பழுது பார்க்கிறவனே தவிர, ஓட்டுகிறவன் இல்லை. ஊரில் பாதிப் பேர் இன்னும் என்னைப் பைலட் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் திருத்தவில்லை.

நான் சொல்ல வந்தது என் மனைவி பரிபூரணத்தைப் பற்றி. நான் பதான்கோட்டிலும் ஜோத்பூரிலும் இருந்த காலமெல்லாம் அவள் எங்கள் ஊரில் பேண்டேஜ் கம்பெனியில் காயத்துக்குக் கட்டும் காஸ் துணி மடித்தாள், பிசிறு நூல் இருக்கிறதா என்று பார்த்தாள். நான் ஊரோடு வந்து சேர்ந்தபோது அவளுக்கு மூச்சு இளைக்க ஆரம்பித்திருந்தது. அத்தனை வருஷப் பஞ்சும் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது என்றார் டாக்டர். கடைசியில் வீட்டிலேயே ஆக்சிஜன் மிஷின் வைக்க வேண்டியதாயிற்று. அறையில் இருக்கும் காற்றை இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும். கரண்டு போனால் உதவட்டும் என்று மூலையில் ஒரு சிலிண்டரும் நின்றது.

எங்கள் வீட்டுக்கு அடுத்த சுவர் கருத்தையா அண்ணாச்சியின் விசைத்தறிக்கூடம். பேண்டேஜ் துணிதான் ஓடுகிறது. கதவைத் திறந்தால் பஞ்சு வரும், ஜன்னலைத் திறந்தால் பஞ்சு வரும். அதனால் அவள் அறையை நானே அடைத்துக் கொடுத்தேன். ஜன்னலுக்கு நெருக்கமான வலை, கதவு இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை, காலையும் மாலையும் ஈரத்துணி போட்டுத் துடைப்பு. தூசியை எப்படித் தடுப்பது என்று எனக்குத் தெரியும். அந்த அறையில் ஒரு நூல்கூடப் பறக்காது. அவளுக்காக நான் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான். இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

எனக்கு அறுபது வந்தபோது இங்கே ஸ்ரீவில்லிபுத்தூரில், மகள் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு மண்டபத்தில் அறுபதாம் கல்யாணம் வைப்பதாக இருந்தது. அவளால் புகை முன்னால் உட்கார முடியாது என்று நிறுத்திவிட்டோம். அவள்தான் மகள் பானுப்பிரியாவிடம் சொன்னாளாம், “மண்டபத்துக்கு வச்சிருந்த துட்டுல அவியளுக்கு ஒரு பிளேன் வாங்கிக் குடுத்துரு. ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருக்காவ.”

பெட்டியில் வந்தது ஒரு பந்தய விமானத்தின் மாதிரி; துண்டு துண்டாக இருக்கும், நாமே ஒட்டிப் பெயின்ட் அடிக்க வேண்டும். 1934-இல் லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு நடந்த பந்தயத்தில் ஜெயித்த விமானம். இரண்டு எஞ்சின், மெல்லிய நீண்ட இறக்கை, ரத்தச் சிவப்பு. வழியில் நம் அலகாபாத்திலும் இறங்கிப் போயிருக்கிறது. பயிற்சிக் காலத்தில் ஒரு புத்தகத்தில் அதன் படத்தைப் பார்த்து மயங்கிக் கிடந்தவன் நான். முப்பது வருஷம் சாம்பல் நிற விமானங்களைத் தொட்டுவிட்டு, பெட்டி மேல் படத்தில் அந்தச் சிவப்பைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அடங்க வெகு நேரம் ஆனது.

ஒட்டுவதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் சுலபமாக முடிந்தன. பெயின்ட் வந்ததும்தான் சனியன் பிடித்தது. அந்த விமானம் கண்ணாடியாக மின்ன வேண்டும், முகம் தெரிய வேண்டும். மொட்டைமாடியில் அடித்தேன், பஞ்சு ஒட்டியது. நடுவீட்டில் அடித்தேன், ஒட்டியது. தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடித்தேன். இறக்கை நடுவில் ஒரு வெள்ளை நூல் வந்து படுத்துக்கொண்டது. சாப்பாடு பிடிக்காமல் கிடந்தேன்.

“இங்கனயே அடிங்க. இந்த ரூம்புலதான் பஞ்சு வராதே” என்றாள்.

“தின்னர் வாடை உனக்கு ஆகாதுட்டி.”

“செத்த நேரந்தான? முந்தானைய மூக்குல வச்சுக்கிடுதேன்.”

இது அவளே சொன்னது. நான் கேட்கவில்லை.

முதலில் மின்விசிறியை மட்டும்தான் நிறுத்தினேன். பிறகு கவனித்தால், ஆக்சிஜன் மிஷினும் பின்பக்கமாகக் காற்றைத் தள்ளுகிறது. எவ்வளவு துடைத்தாலும் தரையில் கண்ணுக்குத் தெரியாத பொடி இருக்கும். அது எழும்பி ஈரப் பெயின்டில் போய் உட்காரும். ஆகவே பெயின்ட் அடிக்கிற நேரத்துக்கு மிஷினை அணைத்துவிட்டு, குழாயைச் சிலிண்டரில் மாட்டினேன். அப்போதும் அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

சிலிண்டர் தீர்ந்துவிட்டது. அதை நிரப்பித் தருகிறவர் பால்ச்சாமி. கரண்டே போகாத மாதத்தில் சிலிண்டர் எப்படி சார் காலியாச்சு என்று கேட்பார். என்ன சொல்ல? அறுபது வயசு ஆள் பொம்மைக்குப் பெயின்ட் அடித்தேன் என்றா? கூச்சமாக இருந்தது. சிலிண்டர் இல்லாமலே ஒரு தடவை செய்து பார்த்தேன். அசையாமல் படுத்திருந்தால் கொஞ்ச நேரம் தாங்கினாள். உதடு லேசாக நீலம் கண்டது, மிஷினைப் போட்டதும் தெளிந்துவிட்டது. அடுத்த பூச்சுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கினாள். தாங்குகிறாள் என்று எனக்கு ஒரு தைரியம் வந்தது.

கடைசிப் பூச்சு அடித்தது ஒரு மத்தியானம். மினுமினுப்புக்கான பூச்சு என்பதால் மெதுவாகத்தான் இறுகும். நான் மேஜை விளக்கைச் சாய்த்து வைத்துக்கொண்டு, மூக்கிலிருந்து வால்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு புள்ளி இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை அமைந்ததே இல்லை. திரும்பி, “ஏட்டி, பாரு” என்றேன். அவள் கண்ணை மூடியிருந்தாள். மிஷினைப் போட்டேன். அது ஓடியது. அவள் நெஞ்சு ஏறி இறங்கவில்லை.

அழுதேன். அதில் பொய் இல்லை. அழுதுகொண்டேதான் மகளுக்குப் போன் பண்ணினேன். “கரண்டு போயிருச்சும்மா, மிஷின் நின்னுபோச்சு, சிலிண்டரும் காலி” என்றேன். அவள் “வாரேன்ப்பா” என்று வைத்துவிட்டாள்.

கரண்டு கதையை எல்லாரும் நம்பினார்கள். நம் ஊரில் அதை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? பானுப்பிரியாவும் ஒன்றும் கேட்கவில்லை. இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாம் செய்தாள். வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டாள். கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“அன்னைக்குக் கரண்டு போச்சுன்னு சொன்னீங்களேப்பா.”

“ஆமா.”

“போன்ல தறி ஓடுற சத்தம் கேட்டுச்சேப்பா.”

அத்தனை வருஷம் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் குடியிருந்தவனுக்குத் தறிச் சத்தம் காதில் விழுவதே இல்லை, அம்மா. கட்டிக்கொடுத்து வெளியூர் போனவளுக்குக் கேட்டிருக்கிறது. அவள் சத்தம் போடவில்லை. அதைத் தெரிந்துகொண்டே அம்மாவைக் குளிப்பாட்டி, பூ வைத்து, எனக்குச் சோறும் போட்டிருக்கிறாள். அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அம்மா ஒன்னைய கூப்பிடலையா?”

அதுவரை என்னை ஒருமையில் பேசியதே இல்லை. இல்லை என்றேன். தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். போலீஸிலும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை மட்டும் திருத்திக்கொள்ள வேண்டும்.

பரிபூரணம் கூப்பிட்டாள். குரல் வரவில்லை, கையைத் தூக்கினாள். பிசிறு பார்த்துப் பழகிய கண் அவளுக்கு. முந்தைய பூச்சுகளின்போது தூசி விழுந்தால் இப்படித்தான் விரலை நீட்டி, “அந்தா, வாலுகிட்ட” என்று காட்டிக் கொடுப்பாள். அன்றைக்கும் அப்படித்தான் காட்டுகிறாள் என்று நினைத்து நான் வாலைப் பார்த்தேன், இறக்கையைப் பார்த்தேன் என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் விரல் விமானத்தைக் காட்டவில்லை. மிஷினைக் காட்டியது. நான் அதை நன்றாகப் பார்த்தேன். அந்த நேரம் மிஷினைப் போட்டால் பூச்சு பாழாகிவிடும்.

“இரு, காயட்டும்” என்றேன்.

அவள் கையை இறக்கிக்கொண்டாள். சரி என்று சொல்லிவிட்டாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன், அம்மா.