கோட்டை வாசலில் போட்ட இலை

மஃரிப் பாங்கு ஓய்ந்த நேரம். வெளிச்சம் முழுதாகப் போகவில்லை, இருட்டும் முழுதாக வரவில்லை. மலாக்காவில், பண்டார் ஹிலிர் கடலோரச் சாலை... ஒரு குருவி இல்லை. ஒரே ஒரு சைக்கிள் மட்டும் கிறீச் கிறீச்சென்று போகிறது. கேரியரில் ஒரு துணி மூட்டை. ஹேண்டிலில் ஒரு டுரியான் பழம் தொங்கி ஆடுகிறது.

சைக்கிளில் போனவன் சேதுராமன். என் சிநேகிதன் தேவதாஸின் பெரியம்மா மகன். வருஷம் ஐம்பத்தேழு. மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயாவின் சுதந்திரத்துக்கு, இன்னும் சில வாரங்கள் இருந்தன.

நாராயணா, அந்தச் சன்னலைச் சாத்திவிட்டு உட்கார். காற்றுக்காக இல்லை. சாத்து, சொல்கிறேன்.

தேவதாஸ் பக்கத்து வீட்டிலேயே இருந்து எல்லாவற்றையும் பார்த்தவன். அவன் சொன்னதில் நான் அங்கங்கே உப்பைக் கூட்டிப் போடுவேன், மறுக்கவில்லை. ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வேலை? ஆனால் சப்பாத்து விஷயத்தில் ஒரு கல் உப்புகூட என்னுடையது இல்லை.

காஜா பெராங்கில், பல தலைமுறைக்கு முன் வந்து ஊன்றிப்போன மலாக்காச் செட்டிகளின் கம்பத்தில், அந்தச் சின்னக் குடியிருப்பில், சேதுராமன் வீடு. வீட்டுப் பேச்சு மலாய். அவன் அம்மா சிவகாமசுந்தரி மட்டும் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து அங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். மகனோடு தமிழ்தான் பேசுவார். அப்பா கருணாகரனுக்குப் பழைய போர்த்துகீசியக் கோட்டை வாசலிலும், குன்றின் மேல் கூரை போன பழைய மாதா கோவிலிலும் புல் வெட்டுகிற வேலை. வெள்ளைக்காரர்கள் இடிபாடுகளைப் படம் பிடிக்க வருவார்கள். இவர் பாட்டுக்கு, சுவரில் சாய்ந்து நிற்கும் டச்சுக்காரன் கல்லறைக் கல்லில் முதுகைச் சொறிந்துகொண்டு, சுருட்டுப் பிடித்துக்கொண்டிருப்பார். காலில் செருப்புகூடக் கிடையாது. பிறந்ததிலிருந்து வெறுங்கால்தான். முள் குத்தினால் முள்தான் ஒடியும். கல்யாணத்தன்று யாரோ சப்பாத்து மாட்டிவிட, மனிதர் நடக்கத் தெரியாமல் மணவறையிலேயே விழுந்தார் என்பது கம்பத்தில் நிலைத்துப்போன சிரிப்பு.

ஜப்பான்காரன் காலத்தில், அந்தக் குன்றின் அடியில் வைத்துத்தான் அவரை லாரியில் ஏற்றினார்கள். சயாமுக்கு ரயில் பாதை போட. கையில் புல் வெட்டும் கத்தியோடு ஏறினார் என்பார்கள். போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். கருணாகரன் வரவில்லை. செத்தார் என்று சொல்லவும் ஒரு ஆள் வரவில்லை.

இனி, கவனமாகக் கேளுங்கள். செட்டி வீடுகளில் செத்தவர்களுக்குப் படைக்கிற வழக்கம் உண்டு. பொங்கலுக்கு முந்தின நாள் ஒரு தடவை, பழக் காலத்தில் ஒரு தடவை. வாழை இலை போட்டு, செத்தவருக்கு என்னென்ன பிடிக்குமோ அத்தனையும் வைப்பார்கள். மலாயில் கூப்பிடுவார்கள். 'வீட்டுக்கு வாங்க, சாப்பிட வாங்க' என்று. பிறகு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டுக் காத்திருப்பார்கள். உள்ளே சாப்பாடு நடக்கும். ஆகிவிட்டது என்று தோன்றினால், தட்டி, உத்தரவு கேட்டு உள்ளே போவார்கள்.

சிவகாமசுந்தரி புருஷனுக்கு இலை போட விடவே இல்லை. இலை போட்டால் செத்தார் என்று தானே ஒத்துக்கொண்ட மாதிரி. தாலியும் பூவும் பொட்டுமாகவே இருந்தார். பொழுது சாய்ந்தால் வாசல் கதவைத் தாழ்போட்டு, அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். யாராவது தட்டினால் காதில் விழ வேண்டுமாம்.

அப்படி இருந்த வீட்டில் கல்யாணப் பேச்சு வந்தது. சேதுராமனுக்கு ருக்மணி மேல் உயிர். ருக்மணியின் அப்பா மருதமுத்து வந்து நேராகவே கேட்டார்: மாப்பிள்ளையின் அப்பா இருக்கிறாரா, இல்லையா? இருந்தால் எங்கே? இல்லையென்றால் முறைப்படி இலை போட்டு வழியனுப்பி விட்டு வாருங்கள். பசியோடு அலைகிற செத்தவர் இருக்கிற வீட்டுக்குள் என் பெண் வரமாட்டாள்.

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். மூன்று வேளை சாப்பிடவில்லை. என் கணக்கில் மூன்று, தேவதாஸ் கணக்கில் இரண்டு. பெண்ணும் வேண்டும், அம்மாவின் பூவும் பொட்டும் போகக் கூடாது. சேதுராமன் என்ன செய்வான்? அம்மாவுக்குத் தெரியாமல் வெளியே எங்காவது அப்பாவுக்கு ஒரு இலை போடுவது என்று முடிவு செய்தான். கூப்பிட்டால் செத்தவர்கள்தானே வருவார்கள்? சாப்பாடு கைபட்டிருந்தால் அப்பா உயிரோடு இல்லை. பிறகு அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொள்ளலாம்.

இடத்துக்குத்தான் நாள் முழுக்க யோசித்தான். அப்பா வேலை செய்த கோட்டை. சுற்றியிருந்த சுவரையெல்லாம் எப்போதோ வெடி வைத்துத் தகர்த்துவிட்டு, வாசலை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். கதவு இல்லாவிட்டாலும் வாசல் வாசல்தானே என்று நினைத்தான் பையன்.

சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே போனான். வளைவுக்குக் கீழே ஒரே வௌவால் நாற்றம், பாசி நாற்றம், யாரோ ஒதுங்கிய நாற்றம். வௌவால் ஒவ்வொன்றும் பூனை அளவு. சரி, பூனைக்குட்டி அளவு. இலையை விரித்தான். சோறு, புளிக்கிற பிலிம்பிங் காய் போட்ட மீன் குழம்பு, இறால் விழுதோடு மிளகாய் இடித்த சம்பல் பிளாச்சான். டுரியானைப் பிளந்து சுளைகளை வைத்தான். ஒரு குவளையில் கள்ளு. இலை ஓரத்தில் ஒரு சுருட்டு. அகல் விளக்கை ஏற்றினான். கடல் பக்கத்து வாயில் வேட்டியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டான். அதுதான் கதவு.

கோட்டை வாசலுக்கு வாய் இரண்டு. ஒன்று கடலைப் பார்த்தது. இன்னொன்று குன்றைப் பார்த்தது, அந்தக் கல்லறைகளைப் பார்த்தது. பையன் ஒன்றைத்தான் மூடினான்.

வெளியே வந்து, வேட்டிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டான்.

"பாக்... மாரி பூலாங். மாரி மாக்கான்."

அப்பா, வீட்டுக்கு வாங்க. சாப்பிட வாங்க. அவ்வளவுதான். அப்பா பேரை மகன் சொல்லக் கூடாது இல்லையா? வீட்டில் சொல்லவும் தேவையில்லை, அங்கே வருகிறவர்கள் அந்த வீட்டு ஆட்கள்தான். குன்றின் மேல் படுத்திருக்கிறவர்களில் எத்தனை பேர் யார் யாருக்கு அப்பாவோ... இந்த மலாய் மலாக்காவில் எல்லாருக்கும் தெரியும். போர்த்துகீசியனுக்கும் தெரியும், டச்சுக்காரனுக்கும் தெரியும். சந்தையில் மீன் வாங்கினவன் எல்லாருக்கும் தெரியும்.

முதலில் வௌவால்கள் ஒன்று விடாமல் கிளம்பிப் போயின. பிறகு கடல் சத்தம் நின்றது. அலை அடிக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது... சத்தம் இல்லை.

பிறகு, குன்றின் படிகளில்...

டக்.

டக்... டக்.

கல்லில் இரும்பு படுகிற சத்தம். அவசரமில்லாத நடை. காவல்காரனாக இருக்கும் என்று நினைத்தான். முதுகில் உரசிக்கொண்டிருந்த வேட்டி மெதுவாக உள்ளே இழுபட்டது, யாரோ மூச்சு வாங்குகிற மாதிரி. டுரியான் வாசனை போய்விட்டது. குறையவில்லை, இருந்தது, இல்லை. வாசனையையே யாரோ தின்றுவிட்டார்கள். அந்த இடத்தில் ஈரச் சுண்ணாம்பு நாற்றம். மழையில் ஊறிய பழந்தோல் நாற்றம். பிறகு மெல்லுகிற சத்தம். கொட்டை உடைகிற சத்தம். கடக்... கடக்... டுரியான் கொட்டையை யாராவது பல்லால் கடித்துத் தின்பார்களா? தின்கிற சத்தம் கேட்டது.

நின்றது.

சேதுராமன் கல்லில் தட்டி, உத்தரவு கேட்டு, வேட்டியை விலக்கினான். விளக்கு எரிகிறது. யாரும் இல்லை. குவளை காலி. இலை மடிந்து கிடந்தது. சாவு வீட்டில் சாப்பிட்டவர்கள் இலையை எதிர்ப்பக்கமாக மடிப்பார்கள், இப்படி ஒரு சாப்பாடு இனி வேண்டாம் என்று. விருந்தில் சாப்பிட்டவர்கள் தன் பக்கமாக மடிப்பார்கள், மறுபடி வருவேன் என்று. சாப்பிட்டது குன்றுப் பக்கமாக உட்கார்ந்திருந்தது. இலையும் குன்றுப் பக்கமாகவே, தன் பக்கமாகவே மடிந்திருந்தது. பிரித்துப் பார்த்தான். ஒரு பருக்கை இல்லை, ஒரு முள் இல்லை. இலையின் பச்சைகூட அங்கங்கே வெளுத்திருந்தது.

அப்பா போய்விட்டார் என்று உட்கார்ந்து அழுதான். அழுதபடியே இலை ஓரத்தில் தொடாமல் கிடந்த சுருட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஏன் தொடாமல் கிடக்கிறது என்று அப்போது அவனுக்குத் தோன்றவில்லை. சுருட்டை விட்டுவிட்டு எழுந்திருக்கிற ஆளா கருணாகரன்?

கம்பத்துக்குத் திரும்பினபோது நாய்கள் குரைக்கவில்லை. எல்லாம் வீடுகளுக்கு அடியில் போய்ச் சுருண்டிருந்தன. அவன் வீட்டுக் கதவு... திறந்து கிடந்தது. அந்த நேரத்தில் ஒருநாளும் திறக்காத கதவு.

அம்மா அடுப்படியில் இருந்தார். பட்டுச் சேலை. தலை நிறைய மல்லிகைப் பூ.

"எங்கடா சுத்திட்டு வரே? அப்பா வந்துட்டார்."

சேதுராமன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"கதவைத் தட்டி, உள்ள வரலாமான்னு மலாய்ல உத்தரவு கேக்குறார். சொந்த வீட்டுக்கு வர உத்தரவு எதுக்குன்னு நானே கையப் பிடிச்சுக் கூட்டியாந்தேன். அறையில படுத்திருக்கார். விளக்கக் கொண்டு போயிடாத, கண்ணு கூசுதாம்."

அறைக் கதவு சாத்தியிருந்தது. அவன் கீழே பார்த்தான். வாசற்படியிலிருந்து அறை வரைக்கும் பலகையில் வெள்ளை வெள்ளையாகத் தடம், ஈரச் சுண்ணாம்பில் மிதித்து வந்த மாதிரி. நீளமான அடி. குதிகால் தனியாக, ஆணி ஆணியாக.

சுருட்டை எடுத்து நீட்டினான். அப்பாவுக்குக் கொடு என்றான். அம்மா உள்ளே போய், திரும்ப வந்து, வேண்டாம் என்கிறார் என்றார்.

"அம்மா... அப்பா சப்பாத்து போட மாட்டாரே."

அம்மா சோற்றைக் கிளறிக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்: "அத்தனை வருசம் சயாம்ல கிடந்தா, யாரும் சப்பாத்து போடக் கத்துக்குவாங்க."

மருதமுத்து ஒரு நாள் விசாரிக்க வந்தார். சம்பந்திக்கு உடம்பு சரியில்லை என்று அம்மா அறைக் கதவுக்கு முன்னாலேயே உட்கார வைத்தார். உள்ளே ஒரு இருமல். பிறகு, பலகையில் டக் என்று ஒரு அடி. அவர் காப்பியைக் குடிக்காமலே எழுந்து, இருக்கிறார், இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே போனார். ஆவணியில் கல்யாணம். அம்மா சுமங்கலியாக முன்னால் நின்று நடத்தினார். நான் போயிருந்தேன், கண்ணால் பார்த்தேன். அத்தனை சந்தோஷமான முகத்தைப் பிறகு நான் எங்கேயும் பார்த்ததில்லை. சம்பந்தி எங்கே என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. மருதமுத்துவும் அந்த வீட்டுக்குள் அப்புறம் காலை வைக்கவில்லை.

ருக்மணி வந்த கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம். அம்மா கொல்லையில் இருந்ததால், எச்சில் இலையை எடுக்க அவள் அறைக்குள் போனாள். தன் பக்கமாக மடித்த இலையோடு வெளியே வந்தாள். அத்தையிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம்.

"அத்தை... மாமாவுக்கு முடி என்ன நிறம்?"

அந்த வாரமே சேதுராமனும் ருக்மணியும் கிளேபாங்கில் வாடகை வீடு பார்த்துப் போய்விட்டார்கள்.

அம்மா வரமாட்டேன் என்றுவிட்டார். அடுப்பில் ஏற்றினதெல்லாம் அறைக்குள் போனது; அவருக்கு வடித்த கஞ்சிகூட மிஞ்சவில்லை. மாதத்துக்கு மாதம் மெலிந்தார். தேவதாஸ் வேலியோரம் நின்று பார்ப்பான்: சேலை மட்டும் தனியாக நடக்கிற மாதிரி இருக்குமாம். இதில் உப்பு இல்லை. கடைசியில் சேதுராமன் தாங்க முடியாமல் வந்து, அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். கோட்டை வாசல், வேட்டி, பேர் சொல்லாமல் கூப்பிட்டது. அவர் அப்பா இல்லை, நான்தான் யாரையோ வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டேன் என்றான்.

அம்மா அவன் தலையைத் தடவினார்.

"தெரியும்டா. கையப் பிடிச்சப்பவே தெரியும்." வாசல் கதவைப் பார்த்தார். "அத்தனை வருசத்துல வேற யாரும் அந்தக் கதவத் தட்டலியே."

அறுபதாம் வருஷம் மழைக் காலத்தில் போய்ச் சேர்ந்தார். பூவும் பொட்டும் தாலியுமாகவே எடுத்தார்கள். அறையைத் திறந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. பாய்கூட இல்லை. பலகை மட்டும் சுவருக்கும் கதவுக்கும் நடுவே ஒரு கோடாகத் தேய்ந்திருந்தது, ஆணிக் குழிகளோடு.

காரியமெல்லாம் முடிந்து, சேதுராமன் அம்மாவுக்கு இலை போட்டான். இந்தத் தடவை தப்பு செய்யவில்லை. சொந்த வீட்டில், அத்தனை கதவையும் சாத்தி, சிவகாமசுந்தரி என்று பேர் சொல்லிக் கூப்பிட்டான். விடிய விடிய வாசலில் காத்திருந்து, தட்டி, உள்ளே போய்ப் பார்த்தால்... வைத்தது வைத்தபடி. சோற்றின் மேல் ஈகூட உட்காரவில்லை.

அம்மா வரவில்லை. நம் ஆட்கள் இருக்கிற இடத்தில் அவர் இல்லை.

தேவதாஸ்தான் அவனைக் கோட்டைக்குக் கூட்டிப் போனான். பொழுது அப்போதுதான் புலர்கிறது. ராத்திரி மழையில் படிகள் கருத்துக் கிடந்தன. வாசலிலிருந்து குன்று வரைக்கும், அந்த ஈரக் கல்லில், வெள்ளையாகத் தடம் ஏறிப் போயிருந்தது. ஆணி அடித்த சப்பாத்துத் தடம்.

அதற்குப் பக்கத்திலேயே, ஒட்டி ஒட்டி, சின்னதாக ஒரு வெறுங்கால் தடம். கட்டை விரலுக்கு அடுத்த விரலில் மெட்டி பதிந்திருந்தது.