பழைய லேத்தில் கடைந்த மூடிகள்

"எங்க சூசை அண்ணன் பக்கத்துல நிக்கும்போது உங்க பட்டறைச் சரக்கு வெடிச்சா என்ன செய்வீங்க?"

சின்னாளப்பட்டி பஸ் திண்டுக்கல்லைத் தாண்டியதும், என் முன்சீட்டுப் பெண் கணவனிடம் இப்படிக் கேட்டாள். அவர் சட்டையெல்லாம் கிரீஸ் கறை.

"மெதுவாப் பேசு. பீரங்கிக் குண்டுக்கு மூடி மட்டுந்தான் நாம செய்யிறோம்."

"அந்தப் பீரங்கிப் படையிலதான அண்ணன் இருக்கு. புது மெஷின் வாங்க அரசாங்கம் மானியம் தருதுல்ல? அது வரட்டும், அப்புறம் செய்யலாம்."

"மெஷின் வர இன்னும் மாசக்கணக்காகும். இப்பச் சரக்குக் குடுக்கலேன்னா பெரிய கம்பெனிக்காரன் வேற ஆளைப் பாத்துருவான். ஆர்டர் இல்லேன்னா மானியமும் இல்ல."

"பழைய லேத்துல அளவு சரியா நிக்கலேன்னு நீங்கதான நேத்துப் புலம்புனீங்க?"

"அம்புட்டும் இல்ல, கொஞ்சந்தான். அவங்க செக் பண்ணித்தான எடுப்பாங்க."

"அவங்க கண்ணுக்குத் தப்பிருச்சுன்னா?"

காந்திகிராமம் வந்ததும் அவர் போனை எடுத்துப் பட்டறைக்குப் பேசினார்.

"ஏலே, லாரி கிளம்பிருச்சா? இல்லையா? ஏத்துனதைப் பூராம் இறக்கி வை. ஆமாலே, அம்புட்டையும். கம்பெனிக்கு நான் பேசிக்கிறேன்."

போனைப் பையில் போட்டார்.

"ஆர்டர் போயிருச்சுன்னு வச்சுக்க," என்றார் மனைவியிடம்.

"போகட்டும். அண்ணன் லீவுல வந்தா அது மொகத்தைப் பாத்துப் பேசலாம்ல."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கும் இடம் வந்ததும் அவள்தான் அவர் தோளைத் தொட்டு எழுப்பினாள். அவர் தூங்கியிருக்கவில்லை.