மாடிக்குக் கூட்டிப் போகிறேன்

கையை இழுக்காதீங்க உஸ்தா. ஒட்டுன துணிய நனைச்சுத்தான் எடுக்கணும், பிச்சா தோலோட வந்துடும். ஊசி போட்டும் எரியுதா? சரி, எங்க புள்ளைங்களுக்குச் செய்யறத உங்களுக்கும் செய்யறேன். சிரிக்காதீங்க. இந்தத் தீக்காய வார்டுல ஆறு வயசுப் புள்ளைங்க இதை வச்சுத்தான் தாங்குதுங்க. உங்க தம்பி மக ரொதைனாவும்தான்.

கண்ண மூடுங்க. மூச்ச மெதுவா இழுத்து... விடுங்க. இப்ப மனசால ஒரு எடத்துக்குப் போகணும். எந்த எடம்னு நான் சொல்ல மாட்டேன், நீங்கதான் சொல்லணும். கர்மூஸ் பேட்டைல உங்க வீட்டு மொட்டை மாடியா? நல்லது. கடல் காத்து வருதா? புறாக் கூண்டு தெரியுதா? தொறந்து கெடக்கா? பதறாதீங்க, மூச்சு, மூச்சு... எல்லாமே பறந்துடுச்சா? அடப் பாவமே. மக கல்யாண விருந்துக்கு உள்ள அரிசி அடைச்சுச் சமைக்க வளத்த புறாங்க, வயிறு எரியத்தான் செய்யும். பக்கத்துல என்ன கொதிக்குது? ஆமா, இறகு பிடுங்க வச்ச வெந்நி அண்டா. ரொதைனா எங்க நிக்கறா? கூண்டத் தொறந்து விட்டுட்டு கை தட்டிச் சிரிக்கறாளா. ம்ம். அப்புறம்?

ஒரு செகண்டா. ஒரே ஒரு செகண்டுதான் அவ கைய முக்கினீங்க. சரி, கண்ணத் தொறங்க.

எதுக்கு மொறைக்கறீங்க? நீங்கதானே சொன்னீங்க. அண்டா சாஞ்சுடுச்சுன்னு அவளக் கொண்டாந்து போட்டீங்களே, சாஞ்சா மேலெல்லாம் தெறிச்சிருக்கும்யா. அவளுக்கு வெந்தது மணிக்கட்டுல கோடு கிழிச்சாப்புல நிக்குது. இருவது வருஷமா வெந்த தோலப் பாக்கறவ நான்.

அவ வாயே தொறக்கல. கட்டு மாத்தறப்பல்லாம் அந்த மாடிக்குத்தான் போவா, புறா பறக்கறதப் பாத்துக்கிட்டே வலியத் தாங்கிடுவா. புள்ளை கூட்டிட்டு வராத ஆள நாம அந்த எடத்துக்குள்ள விடக் கூடாது, எங்க வேலைல முதல் பாடமே அதான். நான் ஒரு நாள் புத்தி கெட்டுப்போய், பெரியப்பாவும் வந்திருக்காரான்னு கேட்டுட்டேன். அவ போட்ட சத்தத்துல டாக்டர் ஓடி வந்தார். அன்னையிலேருந்து மாடிக்குப் போக மாட்டேங்கறா. வேற எந்த எடமும் வேணாம்ங்கறா. மொத்த வலியையும் பல்லக் கடிச்சுக்கிட்டு முழுசா வாங்கறா, அஞ்சு நாளா. என் கையாலயே அவளுக்கு இருந்த ஒரே எடத்தையும் நாசம் பண்ண வச்சீங்களேய்யா! உங்க மேல எனக்கு இருக்கற வெறிக்கு, இந்தத் துணிய நனைக்காமலே பிச்சிருப்பேன். வேலைன்னு ஒண்ணு இருக்கே.

களிம்பா? போடறேன், யாருக்குத்தான் போடல? முதல்ல இந்த விரல் நுனிய போட்டோ எடுக்கணும். டீ கொட்டுச்சுன்னு சொன்னீங்களே, டீ கொட்டுனா நாலு நுனியும் கட்டை விரலும் மட்டும் இப்படி வேகாது, உஸ்தா. அவ மணிக்கட்டப் புடிச்ச விரலு.

திரைக்கு அந்தப் பக்கம் யாரா? அடுத்த கட்டில்ல நோயாளி யாரும் இல்ல.

ஆபீசர், இவர் சொன்னதையெல்லாம் எழுதிட்டீங்களா? திரைய வெலக்கிட்டு இந்தப் பக்கம் வாங்க, வெளிச்சம் இங்கதான் நல்லா இருக்கு.