தித்திக்கிற சரக்கு

கிளிசரின் வியாபாரத்தில் ஒரு நிம்மதி உண்டு, சார். அதைப் பற்றிப் பொய் சொல்ல வேண்டியதில்லை. மற்ற சரக்கையெல்லாம் கொஞ்சம் ஏற்றிச் சொன்னால்தான் நகரும். இதற்கு உள்ளதைச் சொன்னாலே போதும்.

தேங்காய் எண்ணெயிலும் பாமாயிலிலும் சோப்பு காய்ச்சும்போது கூடவே பிரிந்து வருவது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, பாகு மாதிரி இருக்கும். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் பித்தவெடிப்புக்கும் தடவலாம், கேக்கிலும் ஊற்றலாம். அழுகை வராத நடிகைகளுக்காக என் அப்பா கோடம்பாக்கத்துக்குச் சின்னச் சீசாக்களில் கொடுத்தனுப்புவார். மண்ணில் கொட்டினால் கிருமிகள் தின்று தீர்த்துவிடும், மிச்சம் மீதி இருக்காது. ஆற்றில் லாரி லாரியாகக் கொட்டினால் மீனுக்கு மூச்சு முட்டும் என்கிறார்கள். அவ்வளவு கொட்ட யாருக்கு வசதி இருக்கிறது?

ராயப்பேட்டையில் சோப்பு, ஷாம்பு செய்கிறவர்களுக்கு மூலப்பொருள் விற்கிற கடை என்னுடையது. பெயர் தணிகாசலம். அதெல்லாம் ஏற்கெனவே எழுதிவிட்டீர்கள்.

நீரஜா மாமி மயிலாப்பூர். வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே இயற்கைச் சோப்பு செய்து அடையாறு அப்பார்ட்மென்ட்களுக்கு விற்கிறவர். நல்ல மனுஷி. பேரத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

"செடிலேர்ந்து வர்றதுதானே தணிகாசலம்? எங்க குரூப்ல எல்லாரும் அதைத்தான் கேக்கறா."

"மீன் தொட்டியில ரெண்டு சொட்டு ஊத்துங்க மாமி, மீன் அதுபாட்டுக்கு நீந்தும்."

"மீன் பொழைச்சுக்கும். உங்க விலைதான் என்னைக் கொல்றது."

சிரித்தேன். அவர் கேட்ட விலைக்குக் கிளிசரின் கொடுத்தால் கடையைப் பூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். அந்த விலைக்கு என்ன வருமோ அதைக் கொடுத்தேன். பின்கட்டில் ஒரு பீப்பாய் கிளைகால் கிடந்தது, பிரேக் ஆயிலில் கலக்கிறது, வயிற்றுக்குள் போகக்கூடாத சரக்கு. பிரேக் ஆயில் கம்பெனிக்காரன் எடுக்காமல் விட்டது. பார்வைக்குக் கிளிசரின்தான். கேனைத் தூக்கினால் என் கைக்குத் தெரியும், கிளிசரின் கனம் அதற்கு வராது. மாமி கைக்கு எப்படித் தெரியும்?

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். கிளிசரின் வாங்குகிறவர் ஒரு சொட்டை விரலில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். தித்தித்தால் அசல். எந்தக் காலத்தில் யார் ஆரம்பித்தார்களோ. கிளைகாலும் தித்திக்கும். இது வாங்குகிறவர்களுக்குத் தெரியாது, விற்கிறவர்களுக்குத் தெரியும். மாமி வைத்துப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார். நான் வற்புறுத்தவில்லை.

சோப்புக்குத்தான் என்று நினைத்தேன். மேலே தேய்த்துக் கழுவிவிடுகிற பொருள். அவர் வேறு ஏதாவது செய்வாரா என்று கேட்டிருக்கலாம். வாங்குகிறவரை அப்படியெல்லாம் துருவினால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

சில நாள் கழித்து, மத்தியானம், சிரித்த முகத்தோடு வந்தார். கையில் அழகான லேபிள் ஒட்டிய பாட்டில்கள். அதிமதுரம், துளசி, கிளிசரின் சேர்த்த குழந்தைகள் இருமல் மருந்து. இன்னும் யாருக்கும் விற்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை குரூப்பில் போடப் போவதாகச் சொன்னார்.

அப்போது அன்புச்செல்வி பக்கத்தில் கேன்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள். என் கடையில் வேலை செய்கிற பெண். ஆற்றங்கரையில் இருந்த வீட்டை இடித்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து பஸ்ஸில் வருவாள். ஒரே பெண் குழந்தை, தமிழ்நிலா. இன்னும் பள்ளிக்கூடம் சேர்க்கவில்லை. சில நாள் அம்மாவோடு கடைக்கு வந்தால் என் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, "நான்தான் மொதலாளி, நீ போயி டீ வாங்கினு வா" என்பாள். நானும் போய் வாங்கி வருவேன்.

"பாப்பாக்கு இருமல்னு சொன்னியே, இத குடு. ஒரு கெமிக்கலும் இல்ல," என்று மாமி ஒரு பாட்டிலை அவளிடம் நீட்டினார்.

"தேங்க்ஸ் மாமி. ராவெல்லாம் இருமிக்கினே கீது, தூங்கவே மாட்டுது."

பாட்டிலைப் பையில் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமி கிளம்பியதும் யோசித்தேன். நான் யோசிக்காதவன் இல்லை. சாயங்காலமே மாமிக்கு ஃபோன் செய்து, "அந்தக் கேன்ல தூசி விழுந்திருக்கு, செஞ்சதை எல்லாம் கொட்டிடுங்க, நானே வேற தர்றேன்" என்றேன். நல்ல கிளிசரினை ஆட்டோவில் கொண்டுபோய் இறக்கினேன். எல்லா பாட்டிலையும் சிங்க்கில் கொட்டுகிறவரை அங்கேயே நின்றேன். அவர் வீட்டுக்காரர் ஹைகோர்ட் வக்கீல். "இந்தக் காலத்துல இப்படி ஒரு நாணயமான வியாபாரியா!" என்று காபி கொடுத்தார்கள். அடையாறில் ஒரு குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புச்செல்விக்கும் ஃபோன் செய்தேன். பஸ்ஸில் இருந்தாள், பின்னால் ஒரே சத்தம். பின்கட்டுக் கதவைப் பூட்டினாயா என்று கேட்டேன். பூட்டினேன் என்றாள். வைத்துவிட்டேன்.

மாமியிடம் சொன்ன தூசிக் கதையை அவளிடம் சொல்ல முடியாது. கேனை நிரப்பி மூடி போட்டவளே அவள். எந்தப் பீப்பாயிலிருந்து நிரப்பினாள் என்பதும் அவளுக்குத் தெரியும், அது என்ன என்பதுதான் தெரியாது. கொடுக்காதே என்றால் ஏன் என்பாள். அவள் மனதில் ஒன்றையும் வைத்துக்கொள்ள மாட்டாள், அந்த பஸ் முழுக்கத் தெரிந்துவிடும். தவிர, மருந்து கசந்தால் குழந்தைகள் துப்பிவிடும் என்று நினைத்தேன். அது கசக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

குழந்தைக்கு நன்றாகப் பிடித்திருந்ததாம். கேட்டுக் கேட்டுக் குடித்ததாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் ஃபோன் செய்தபோது கடை திறந்திருந்தது.

"ண்ணா, பாப்பா ஒரே வாந்தி. நேத்துலேந்து ஒன்னுக்கே போவல. டாக்டரு இன்னா குட்த்த, இன்னா குட்த்தன்னு கேட்டுக்கினே கீறாரு. அந்த மாமி மருந்துல இன்னா கீதுண்ணா? உன் கடை சரக்குதான, உனக்குத் தெரியும்ல?"

"அதுல துளசியும் கிளிசரினும்தாம்மா. செடி எண்ணெயில வர்றது. ஒண்ணும் பண்ணாது."

அவள் ஃபோனை ஒதுக்கிப் பிடித்து டாக்டரிடம் அதை அப்படியே சொன்னது என் காதில் விழுந்தது. "எங்க மொதலாளி சொல்றாரு சார், அவருக்கு எல்லாம் தெரியும்."

கிளைகால் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே ரத்தத்தைச் சுத்தம் செய்து முறிமருந்து கொடுத்திருக்கலாம், குழந்தை பிழைத்திருக்கும் என்று அந்த டாக்டர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். எனக்கும் அது தெரியும், சார். இந்தச் சரக்கோடு வளர்ந்தவன். அது சிறுநீரகத்தை என்ன செய்யும் என்று அப்பாவே சொல்லியிருக்கிறார்.

காரியச் செலவு முழுக்க நான்தான் செய்தேன். பெரும்பாக்கம் வரை போய், கடைசிவரை நின்றேன். அவள் என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். எனக்கு அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. நீங்கள் ஜீப்பில் வந்தபோது அலுப்பாகத்தான் இருந்தது, பயமாக இல்லை.

டாக்டர் கேட்டபோதாவது வாயைத் திறந்திருக்கலாமே என்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த நேரத்தில் எதிரே ஒருவர் நின்று அதே பீப்பாய்ச் சரக்குக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். கிட்டத்தட்டப் படிந்துவிட்டது. அவர் முன்னால் நான் எப்படி சார் ஃபோனில் அப்படிப் பேசுவது?