கபடின்னா தொடுவாங்க

மயிலாப்பூரிலிருந்து அடையாறு போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"எம் பொண்ணுக்கு ஆட்டிசம் கீதுல்ல, யாரு தொட்டாலும் அலறும். ஆனா கபடிதான் ஆடுவேன்னுது."

"கபடில புடிச்சு அமுக்குவாங்களேக்கா!"

"அதான் பயந்துகினு இருந்தேன். நேத்து மேட்ச்ல நாலு பொண்ணுங்க அது மேல வுழுந்துச்சுங்க. நான் பதறிப்போய் ஓடுறேன், அது எந்திரிச்சு மண்ணைத் தட்டிகினு சிரிக்குது."

"அலறலையா?"

"இல்லடி. 'கபடின்னா தொடுவாங்கம்மா, அது ரூலு'ன்னுச்சு."

தோழி சிரித்தாள். தாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வூட்டுக்கு வந்ததும் 'கபடி கபடி'ன்னு பாடிகினே போய்க் கட்டிப்புடிச்சேன்."

"தள்ளிவுட்டுச்சா?"

"'பாட்டு நின்னா நீ அவுட்டு'ன்னுச்சு. மூச்சு இருந்த வரைக்கும் பாடினேன்டி."